அப்பா சொன்ன சளி

ஜூன் 3, செவ்வாய்
பாப்பா பிறந்து பன்னிரண்டு நாள். எட்டு வாரம் முந்திக்கொண்டு வந்துவிட்டாள். மூக்கில் குழாயோடு இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கிறாள். அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியே கதி. வீட்டில் நானும், ஏழு வயசுப் பெரியவளும், நாலு வயசு வாண்டும். பாப்பா ஏன் வரவில்லை என்று முதல் நாளே வாண்டு நச்சரித்தான். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவைத்தேன். வேறென்ன சொல்வது?

ஜூன் 5
ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிவரலாம் என்று நர்சம்மா சொன்னார். சளி, காய்ச்சல் இருக்கக் கூடாது. குழாயைப் பார்த்து மிரண்டுவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லித் தயார்செய்யுங்கள் என்றார்.
வயரிங் வேலை செய்கிறவன் வீட்டில் வயருக்கா பஞ்சம்? வாண்டின் பொம்மையைச் செருப்புப் பெட்டியில் படுக்கவைத்து, மூக்கில் ஒன்று, காலில் ஒன்று, நெஞ்சில் மூன்று ஒட்டினேன். எது எதற்கு என்று விளக்கினேன். வாண்டு சுவிட்சைத் தேடினான். பெரியவள் கதவோரத்தை விட்டு நகரவில்லை.

ஜூன் 6
பெரியவள் வரமாட்டாளாம். காரணம் கேட்டால் கை கழுவ எழுந்து போய்விட்டாள்.

ஜூன் 7
இன்றுதான் அவள் கையைப் பார்த்தேன். புறங்கை முழுக்க வெடிப்பு. புது சோப்பு பாதியாகிவிட்டது. அதட்டித்தான் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குச் சளியா இருந்தப்ப அம்மா வயித்துமேல தலைவச்சுப் படுத்தேன்ப்பா. என்கிட்டேருந்துதான் பாப்பாவுக்கு ஒட்டிக்கிச்சு."
அடப்பாவி — நான்தான். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு என் பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டேன். பதினாறு நாளா இந்தப் புள்ள தனியா சுமந்திருக்கு. நானெல்லாம் ஒரு அப்பனா?
உட்காரவைத்துச் சொன்னேன். சளியே இல்லை, அப்பா பொய் சொல்லிவிட்டேன். பாப்பா சீக்கிரம் பிறந்துவிட்டாள், மூச்சுவிட இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். யார்மேலும் தப்பில்லை.
"நர்ஸ்கிட்ட கேக்கலாமா?" என்றாள். கேட்க வேண்டியதுதான். என் பேச்சுக்கு இனி அவ்வளவுதான் மதிப்பு.

ஜூன் 8, ஞாயிறு
வந்தாள். நர்சம்மா குனிந்து நின்று, அவள் கேட்டதை முழுசாகக் கேட்டார். "உன்னால இல்லம்மா. இது சளியே இல்ல." கை கழுவும் இடத்தில் இவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை போதும் என்று அவரே குழாயை மூடினார்.
வாண்டு பயப்படவே இல்லை. ஆறு வயர் இருக்கிறது, அப்பா ஒன்றை விட்டுவிட்டார் என்று என் மானத்தை வாங்கினான்.
பெரியவள் பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு விரலை நீட்டினாள். பாப்பா பிடித்துக்கொண்டாள். இவள் மூச்சுவிடக்கூடப் பயந்து அப்படியே நின்றாள். அவர்கள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும்தான்.

ஜூன் 20
பாப்பாவுக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். வாண்டு பொம்மைக்கும் எடுத்துவிட்டான்.

ஜூலை 14, திங்கள்
பாப்பா வீட்டுக்கு வந்து நாலு நாள். காலையில் பெரியவள் தும்மினாள். எனக்குத் திக்கென்றது — தும்மலுக்கு இல்லை. எழுந்து கை கழுவப் போனாள். நான் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். தண்ணீர் ஒரு தடவைதான் ஓடியது.
திரும்பி வந்து, "தூசிதாம்ப்பா" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். பிறகு பாப்பா பக்கத்தில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள்.