உன் அம்மாவுக்கு நான் அழக் கற்றுக்கொடுத்த கதை

மச்சான்,

நேற்று லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டில் செத்தல் மிளகாய் வறுத்தேன். புகை அலாரம் கத்தியது, மனைவி அதைவிடப் பெரிதாகக் கத்தினாள், எனக்கோ சிரிப்பு. ஆர்ச்வே உணவகத்தில் நாம் சேர்ந்து சமைத்த பன்னிரண்டு வருடமும் கண்முன் வந்துவிட்டது. நான் யாழ்ப்பாணம், நீ மெக்சிகோ. உறைப்பில் மட்டும் ஒரே ஊர். எங்களிடம் தமிழ் பழகி, வெள்ளைக்கார முதலாளிக்கே "வாறன் மச்சான்" சொன்னவனல்லவா நீ!

வெங்காயம் உரித்துக்கொண்டே குடும்பக் கதை சொல்வாய். உன் அப்பா காலத்தில் அமெரிக்கா தானே ஒப்பந்தம் போட்டுத் தோட்ட வேலைக்கு ஆள் கூப்பிட்டது, அறுவடை முடிந்ததும் திருப்பி அனுப்பியது. உன் தம்பி போனபோதும் அதே தோட்டம், அதே வேலை, கூப்பிடத்தான் யாருமில்லை. பாலைவனத்தால் நடந்து போனான். கடதாசி இல்லாதவன் திரும்பி வந்தால் மறுபடி போக முடியாது. அம்மாவுக்கோ விசா இல்லை. பத்தொன்பது வருடம் தாயும் மகனும் போனில்தான் பார்த்துக்கொண்டார்கள்.

ஒருவழியாக அம்மாவுக்கு விசா நேர்காணல் வந்தது. "என்னட்டை விடு" என்றேன். அகதி நேர்காணலுக்கு எத்தனை பேரைத் தயார்படுத்தியவன் நான்! மூன்று ஞாயிறு வீடியோவில் பாடம் எடுத்தேன், நீ மொழிபெயர்த்தாய். ஊரில் எனக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்லவேண்டும், இனித் திரும்பிப் போக முடியாது என்று சொல்லவேண்டும், இந்த இடத்தில் அழவேண்டும். அம்மா அருமையாக அழுதார். மூன்றாம் ஞாயிறுதான் உனக்கு உறைத்தது.

"டேய் மச்சான், அவா அகதியாப் போகேல்லை. பாத்திட்டுத் திரும்பி வருவன் எண்டெல்லோ சொல்லோணும்!"

நெற்றியில் அடித்துக்கொண்டேன். திரும்பிப் போக முடியாது என்று சொல்லியே இங்கே தங்கியவர்கள் நாங்கள். வேறு பாடம் எனக்குத் தெரியாது. என்னால் அந்த விசா போய்விடுமோ என்று ஒரு கிழமை சோறு இறங்கவில்லை.

"திரும்பி வருவீர்களா?" என்றுதான் அதிகாரி கேட்டாராம். அம்மா என் பாடத்தையும் விட்டார், உன் திருத்தத்தையும் விட்டார். "மருமகளின்ரை சமையலை ஒரு மாசத்துக்கு மேலை ஆர் சாப்பிடுறது?" என்றாராம். அதிகாரி சிரித்துவிட்டார். விசா கிடைத்துவிட்டது!

விமான நிலையத்தில் உன் தம்பி ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டதை உன் போனில் சேர்ந்து பார்த்தோம். அவர் அவன் தலையைத் தடவி, "தலைமயிர் எல்லாம் எங்கையடா?" என்று ஏசினார். அடுப்படியில் நாம் ஆடிய ஆட்டத்தில் குழம்பு அடிப்பிடித்தது.

மாசியில் சொல்லாமல் கொள்ளாமல் கண்ணை மூடிவிட்டாய். கோபம் இன்னும் ஆறவில்லை. அமெரிக்காவில் இப்போது கெடுபிடி கூடிவிட்டது, தம்பி வெளியே போகவே யோசிக்கிறான். அம்மா உங்கள் ஊரில்தான் இருக்கிறார், சொன்னபடியே திரும்பி வந்து. ஞாயிறுகளில் தம்பியையும் இணைத்துக்கொண்டு எனக்குப் போன் எடுப்பார். அவர் கேட்பதைத் தம்பி ஆங்கிலத்தில் சொல்வான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "என்னை அழச் சொன்ன பிள்ளை சாப்பிட்டானா?"

"ஓம் அம்மா, சாப்பிட்டன்" என்று தமிழிலேயே சொல்கிறேன். அதை மட்டும் தம்பி மொழிபெயர்ப்பதில்லை.