இன்ஜினா, பயமா?

ஜூன் 4

தீவுக்குக் கரண்ட் தரும் என் ஜெனரேட்டர் காலையில் இருமிவிட்டு அணைந்தது. வடிகட்டியை மாற்றியதும் சரியாகிவிட்டது. என் மனைவிதான் சரியாகவில்லை. கைட் போர்டு கற்றுக்கொள்ளப் போகிறாளாம். காலில் பலகையை மாட்டிக்கொண்டு, ஆள் உயரப் பட்டம் இழுத்துப் போகிற பக்கமெல்லாம் கடல்மேல் பறக்க வேண்டுமாம்!

சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். கடற்கரையில் அதைச் சொல்லித்தரும் மாஸ்டரிடம் பெயரே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த மாஸ்டரை டீ குடிக்க வீட்டுக்குக் கூப்பிட்டவன் நான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

"இந்த வயசுல எலும்பு உடைஞ்சா ஒட்டாதுடி."

"பேங்க் கவுன்டர்ல உட்கார்ந்து உட்கார்ந்து எல்லாம் ஏற்கெனவே ஒட்டிப்போச்சுங்க. உடைஞ்சாதான் நிமிரும்."

ஜூன் 6

இந்தத் தீவில் மருத்துவர் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் படகில் அரை நாள், அதுவும் கடல் மனது வைத்தால். சுற்றிலும் பவளப்பாறை. பார்த்தால் பூ, பட்டால் பிளேடு. வடகோடியில் பாறைக்கு நடுவே ஒரு வாய் இருக்கிறது. கடல் வற்றும்போது உள்ளே இருக்கும் தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் வெளிக்கடலுக்கு ஓடுகிறது. இதையெல்லாம் சொன்னேன். "தெரியும், மாஸ்டர் முதல் நாளே சொல்லிட்டாரு" என்றாள். அப்புறமும் போகிறாளே!

ஜூன் 9

இன்று மணலில் பாடம். மாஸ்டர் சிவப்புப் பிடியைக் காட்டினார். "பயம் வந்தா இதைத் தள்ளுங்கம்மா. யோசிக்கவே யோசிக்காதீங்க. பட்டம் செத்து விழுந்துடும்." ஹெல்மெட், மிதவைச் சட்டை, பாறைக்கு ரப்பர் செருப்பு எல்லாம் உண்டு. கரையிலிருந்து கடல் பக்கம் காற்றடித்தால் ஒருத்தரும் இறங்கக் கூடாது. காவல் படகு தயாராக இல்லாவிட்டால் ஆழத்துக்குப் போகக் கூடாது.

படகோட்டி ஊருக்குப் போய்விட்டாராம். "நீங்க இன்ஜின் ஆளுதானே சார், ஓட்டுங்களேன்" என்று மாஸ்டர் என் தலையில் கட்டிவிட்டார். அவளுக்கு ஒரே சந்தோஷம். "நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு என்ன பயம்?" அவள் பங்கையும் சேர்த்து நான்தான் பயப்படுகிறேன்.

ஜூன் 12

சாப்பாடு இறங்கவில்லை. அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஜூன் 17

எழுந்து நின்றுவிட்டாள்! தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனாள். பெரிய சத்தம் கேட்டது. அலறல் என்று நினைத்துப் படகை விரட்டினேன். கிட்டே போனால் சிரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான். நானோ பாறை வாய் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 21

விடிந்ததிலிருந்தே தென்னை மட்டைகள் பேயாட்டம் ஆடின. மாஸ்டர் "நல்ல காத்து" என்கிறார். எது நல்லது? என்னால் முடியவில்லை. கடற்கரைக்குப் போய் ஒரு பொய் சொன்னேன். "இன்ஜின் ஸ்டார்ட் ஆகல. பம்ப் போயிடுச்சு." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்படியா" என்றாள்.

அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மாலை

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அவள் வீட்டுக்கு வரவில்லை. படகு இல்லாததால் கரையோரம் முழங்கால் தண்ணீரில் மட்டும் பழகச் சொல்லியிருக்கிறார் மாஸ்டர். அவர் மணலில் இன்னொருத்தருடைய சிக்குக் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது காற்று திசை மாறிவிட்டது. கரையிலிருந்து கடலுக்கு. நான் பார்க்கும்போது பட்டம் அவளை இழுத்துக்கொண்டு அந்தப் பாறை வாயை நோக்கிப் போகிறது. தண்ணீரும் வற்றிக்கொண்டிருந்தது.

ஓடினேன். படகில் குதித்து ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

பட்டம் மேலே இருக்கும்வரை கிட்டே போக முடியாது, அதன் கயிறு படகின் அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொள்ளும். "பட்டத்தை விடு! விடு!" என்று கத்தினேன். அவள் பட்டத்தை இன்னும் உயரத் தூக்கினாள். இன்னும் வேகமாகப் போனாள். ஐயோ, ஏண்டி இப்படிச் செய்யறே! "விடுடி!" "விடத்தானேங்க செய்யறேன்!" என்று அழுகைக் குரலில் கத்துகிறாள்.

அப்போதுதான் உறைத்தது. பட்டம் விடு என்றால் பறக்கவிடு என்றுதானே அர்த்தம்? நான் கைவிடச் சொன்னேன், அவள் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"கழட்டு! சிவப்பைக் கழட்டு!"

தள்ளினாள். பட்டம் துணியாகத் தண்ணீரில் விழுந்தது. வெள்ளை அலை உடைகிற இடம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவளை இழுத்துப் படகில் போட்டேன். முழங்கால் பாறையில் கிழிந்து ரத்தம். மூச்சு வந்ததும் என்னைப் பார்க்காமல், ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைப் பார்த்துச் சொன்னாள். "நல்லாத்தான் ஓடுது."

ஜூன் 22

அவள் என்னோடு பேசவில்லை. மாஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன். "என்னை நாலு அடி அடிச்சிருக்கலாமே சார். பொய் எதுக்கு?" என்றார். தன் தப்பும் உண்டு, காற்றைக் கவனிக்காமல் விட்டதாகச் சொன்னார். இனிமேல் கடற்கரையில் 'விடு' என்ற சொல்லே கூடாதாம். 'கழட்டு' மட்டும்தான்.

ஜூன் 24

பேசினாள். திட்டியிருந்தால் தேவலை.

"பயம்னா பயம்னு சொல்லுங்க, இன்ஜின்னா இன்ஜின்னு சொல்லுங்க. உங்க பயத்துக்கு நான் நிக்க மாட்டேன். இன்ஜினுக்கு நிப்பேன். ஆனா இனிமே நீங்க இன்ஜின்னு சொன்னா, நான் எப்படிங்க நம்புறது?"

எழுந்து போய் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினேன்.

ஜூலை 2

புண் ஆறிவிட்டது. மூன்று நாளாக மறுபடியும் இறங்குகிறாள். முதல் நாளே "பயமா இருக்கு" என்று சொன்னேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது.

ஆனால் இறங்குமுன் படகுக்குப் போய், தானே கயிற்றை இழுத்து, இன்ஜின் ஓடுவதைக் கேட்டு, அணைத்துவிட்டு வருகிறாள். சுருக்கென்றது. தினமும் சுருக்கென்கிறது.

ஜூலை 15

மாஸ்டரும் அவளும் தூரத்து மணல்திட்டு வரை போவதாக ஏற்பாடு. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது, காற்றும் சரியான திசை. வழக்கம்போல் அவளே இன்ஜினை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து பட்டத்துக்குக் காற்றடித்தாள்.

நான் படகை எடுத்தேன். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இன்ஜின் சூடாகாமலிருக்க உள்ளே சுற்றுகிற கடல் தண்ணீர் பின்பக்கம் பீச்சியடிக்க வேண்டும். இன்று நூலாக ஒழுகியது. பாதி வழியில் நின்றுவிடும். சொன்னால் யார் நம்புவார்கள்? சொல்லாமல் போய்விடலாமா?

"இன்ஜின்" என்றேன்.

மாஸ்டர் சிரித்துவிட்டார். "மறுபடியுமா சார்? அதான் ஓடுதே!"

அவள் என்னைப் பார்த்தாள். படகுப் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து பட்டத்தின் அடைப்பைப் பிடுங்கினாள், காற்று புஸ்ஸென்று இறங்கியது. "அவர் இன்ஜின்னா இன்ஜின்தான் மாஸ்டர். நாளைக்குப் போலாம்."

மதியம் கழற்றிப் பார்த்தேன். தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரத்தில் பற்கள் உடைந்து கிடந்தன. அதைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்து அவள் முன்னால் மேஜையில் வைத்தேன்.

"கையைக் கழுவிட்டு வாங்க" என்று அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தட்டு வைத்தாள். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.