பின்சீட்டு மூட்டைகளும் பாலமும்

அன்பு ஜொஹராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா, பிள்ளைகளுக்குச் சளி விட்டதா? போனில் சொன்னால் என் குரலை வைத்தே பயந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

கெப்பாலா பத்தாஸ் வீட்டிலிருந்து பினாங்குத் தீவிலுள்ள கடைக்கு வந்துபோக, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஒரு பழைய ஹைபிரிட் கார் வாங்கினேனே, முதலில் லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடியது. தனியாக வேன் எதற்கு என்று பின்சீட்டு முழுக்க மசாலா மூட்டைகளை அடுக்கினேன். போன மாதம் பதினான்குக்கு இறங்கியது. பெட்ரோல்தான் சரியில்லை என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை கடல் பாலத்தின் நடுவில் வண்டி வேகமிழந்து ஊர்ந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தபடி ஒதுங்கிப் போனது. அவ்வளவுதான்.

பட்டறைக்காரர் தயாளன் மூட்டையை நகர்த்திக் காட்டினார். “சீட்டோரம் இருக்கற இந்த ஓட்டை வழியாத்தான் பேட்டரிக்குக் காத்து போகுது. மல்லி மூட்டைய வச்சு அடச்சு, அத வேக வச்சிட்டீங்களே அண்ணே. மாத்துற வரைக்கும் பாலம் ஏறாதீங்க லா.”

புது பேட்டரி வர இரண்டு வாரம் ஆகும். நோன்பு நெருங்குகிறது, கடையைப் பூட்ட முடியுமா? தினமும் ஏறுகிறேன். பாட்டுப் போடுவதில்லை. பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி இரைவதைக் கேட்டபடியே ஓட்டுகிறேன். இன்று காலை அந்தச் சத்தம் கேட்கவில்லை.

சுக்குத்தூள் கொஞ்சம் அனுப்பு. பிள்ளைகள் பேசுவதையும் பதிந்து அனுப்பு. கடையின் மாற்றுச் சாவி அடுத்த கடை ஹனீபா அண்ணனிடம் இருக்கிறது. அவர் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், சும்மா தெரிந்து வைத்துக்கொள்.

மாலை நெரிசல் கூடுவதற்குள் பாலத்தைத் தாண்ட வேண்டும். கிளம்புகிறேன்.

செய்யது