செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்துக் கேஸ்

அக்கா,

இன்று காலையில் பழைய இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. மற்றவர்களுக்கு அது பட்டுச் சேலை வாசனை. எனக்கு அது நாகப்பட்டினத்து வக்கீலின் கறுப்புக் கோட்டு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். உன்னிடம் பேச வேண்டியதெல்லாம் எனக்குள்ளேயே கிடந்து புழுங்குகிறது.

எழுபதுகளில் வந்த அந்தத் தை மாதம் உனக்கு மறந்திருக்காது. நம் வீடுகள் சுரக்குடியில் எதிரும் புதிருமாக இருந்தன. எங்கள் நிலம் மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். நம் காரைக்கால் பக்கம் புதுச்சேரி அரசு. நெல்லுக்கு எல்லை தெரியுமா? வருஷா வருஷம் அறுத்த நெல் வண்டியேறி எங்கள் பத்தாயத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அந்த வருஷம் பர்மிட் இல்லாமல் ஒரு மூட்டைகூடத் தாண்டக் கூடாது என்று ஒரே கெடுபிடி. "என் நெல்லு, என் வீடு, இதுக்கு என்ன பர்மிட்டு?" என்று வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார் என் வீட்டுக்காரர். செக்போஸ்ட்டில் வண்டி, மாடு, நெல், ஆள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார்கள். தன் சோற்றைத் தானே கடத்தினாராம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

அவருக்கு மூச்சு இழுப்பு உண்டு. பனிக்காலத்தில் தலையணையை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்குவார். லாக்கப்பின் சிமெண்டுத் தரையில் எப்படித் தூங்குவார்? மருந்துப் புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு காரைக்கால் கோர்ட்டுக்கு ஓடினேன். நம் ஊர்க்காரர்கள் வேறு எங்கே போவார்கள்? பாகப் பிரிவினையிலிருந்து வரப்புச் சண்டைவரை நமக்கு அதுதானே கோர்ட்டு. வாசலில் நின்ற புரோக்கர் ஒரு வக்கீலிடம் கூட்டிப் போனான். "கவலையே படாதம்மா, நாளைக்கே உன் புருஷன் வீட்டுல இருப்பாரு" என்று சொல்லி வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார் அவர். மறுநாள் போனால், அன்றைக்கும் நாளைக்கே. அதற்கு அடுத்த நாளும் அதே பாட்டு. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கோர்ட்டு வாசலிலேயே கிடந்தேன். அவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூட ஒருத்தரும் சொல்லவில்லை.

அப்போதுதான் நீ வந்தாய். உன் ஜீவனாம்சக் கேஸில் உன் வக்கீலே எதிராளியோடு சேர்ந்துகொண்டு உன்னைக் கவிழ்த்த கதை தெருவுக்கே தெரியும். "எத்தனை நாளைக்குடி இந்த நாளைக்கே?" என்று என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"நல்ல வக்கீலு யாருன்னு நமக்கு எப்படிக்கா தெரியும்?" என்று அழுதேன்.

"ஜெயிச்சாச்சுன்னு சொல்றவன் வீட்டுல செருப்பைக் கழட்டாதே. வா."

அன்று நாம் ஏறி இறங்கிய வாசல்களைச் சொல்லி மாளாது. உள்ளே வந்திருக்கும் ஏழை எளியதுகளிடம் வக்கீல் எப்படிப் பேசுகிறார் என்று வெளியே நின்றே காது கொடுப்பாய். எரிந்து விழுந்தால் அப்படியே திரும்பிவிடுவாய். எனக்கோ உயிர் போகிற அவசரம். மாப்பிள்ளை பார்ப்பதுபோல் வக்கீல் பார்க்கிறாளே என்று ஆத்திரமாக வந்தது. "அங்க அவரு மூச்சு முட்டிச் சாவுறாரு, யாரா இருந்தா என்னக்கா!" என்று நடுத்தெருவில் கத்தினேன். நீ என் முந்தானையைச் சரிசெய்துவிட்டு முன்னால் நடந்தாய்.

கடைசியாக ஒரு பெரியவர். நான் சொல்லி முடித்ததும் பேனாவை மூடி வைத்தார். "பிடிச்சது அந்தப் பக்கத்துப் போலீசும்மா. இங்க மனுப் போட்டு ஒண்ணும் ஆகாது. என்னால முடியாது, நாகப்பட்டினம் போங்க."

அப்படியானால் முதல் வக்கீல் இத்தனை நாளும் சொன்ன அந்த நாளைக்கே? நீ மட்டும் கை கூப்பினாய். "ஐயா, அங்க யாரைப் பாக்கணும்னு நீங்களே சொல்லுங்க." வெளியே வந்ததும், "முடியாதுன்னு சொன்னாரு பாரு, அவரை நம்பலாம்டி. அவரு கைகாட்டுற ஆளையும் நம்பலாம்" என்றாய்.

அடுத்த பஸ்ஸில் ஏறினோம். நாகப்பட்டினத்து வக்கீல் அந்துருண்டை நெடி அடிக்கிற கோட்டை மாட்டிக்கொண்டே எழுந்தார். "ஜாமீன் கேக்குறேன். கிடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். கிடைத்தது, அக்கா. உத்தரவை வாங்கிக்கொண்டு சப்ஜெயிலுக்கு ஓடினோம். நேற்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம் என்றார்கள்.

கட்டிலில் கிடந்தது என் வீட்டுக்காரர்தானா என்று ஒரு கணம் தடுமாறினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு ஏறி இறங்கியது. என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "நெல்லு வீடு வந்துச்சா?" என்று கேட்டார்.

நெல் எந்தக் கொட்டகையில் கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்? நீதான் குனிந்து, அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, "வந்துடுச்சு தம்பி. பத்தாயத்துல கொட்டியாச்சு. நீங்க வந்து மூடியைப் போட வேண்டியதுதான் பாக்கி" என்றாய். அவர் தலையாட்டினார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. விடிவதற்குள் போய்விட்டார்.

முதல் நாளே நாகப்பட்டினம் போயிருந்தால்? இந்தக் கேள்வி என்னை இன்றுவரை தின்கிறது. ஆள் செத்ததும் கேஸ் தன்னால் முடிந்தது. வண்டியும் மாடும் திரும்பி வந்தன, நெல் வரவில்லை.

அதற்குப் பிறகு, எண்பதுகளில், மண்டபத்தூரிலிருந்தும் திருநள்ளாற்றிலிருந்தும் புருஷனையோ பிள்ளையையோ போலீசு பிடித்துக்கொண்டு போனவள் என்று யார் யாரோ நம்மைத் தேடி வந்தார்கள். "அழறதை அப்புறம் அழு, எந்தப் பக்கத்துப் போலீசு பிடிச்சது, அதை முதல்ல சொல்லு" என்பாய். உனக்குப் பிறகு வருகிறவர்களை நான் தனியாகக் கூட்டிப்போகிறேன். கோர்ட்டம்மா என்று கேலி செய்கிறார்கள், செய்துவிட்டுப் போகட்டும். வக்கீலின் வாயில் ஒரு பொய் வந்தாலும் பட்டென்று எழுந்துவிடுகிறேன்.

ஆனால் நீ சொன்ன அந்த ஒரு பொய்க்கு உன் காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்க வேண்டும். அப்போது புத்தி வரவில்லை. கடத்தல்காரன் என்று எழுதிவைத்தவர்கள் எழுதிவைத்துக்கொள்ளட்டும். நெல்லை வீடு கொண்டுவந்து சேர்த்துவிட்ட மனுஷனாகத்தான் அவர் கண்ணை மூடினார், அக்கா.