நான்காம் கட்டிலிலிருந்து ஒன்பதாம் கட்டிலுக்கு நகர்த்தப்பட்ட காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரம் குறித்து

அனுப்புநர்:
காலஞ்சென்ற நில அளவையரின் மனைவி,
கட்டில் எண் 4,
பெண்கள் நெஞ்சக நோய்ப் பிரிவு, இரண்டாம் தளம்.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
தரைத்தளம்.

பொருள்: என் கணவர் நினைவாக நான் வழங்கிய காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரம் என் அனுமதியின்றி இடம் மாற்றப்பட்டது – உரிய இடத்தில் மீண்டும் வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கான்வென்டில் படித்தவள். மனு எழுதும்போது ஒரு பத்தியில் ஒரு செய்திதான் இருக்க வேண்டும், யாரையும் இழித்துப் பேசக் கூடாது என்று கன்னியாஸ்திரிகள் கற்றுக்கொடுத்தார்கள். முதல் விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பேன்.

2. எட்டு மாதங்களுக்கு முன் என் கணவர் நுரையீரல் நோயால் காலமானார். அவர் நினைவாக அதே மாதம் மேற்படி இயந்திரத்தை இந்தப் பிரிவுக்கு வழங்கினேன். கடைக்காரர் பிரித்து ஓட்டிக் காட்டுவதாகச் சொன்னார். பிறருக்குக் கொடுக்கும் பொருளைப் பிரித்துக் கொடுப்பது மரியாதை அல்ல என்று மறுத்துவிட்டேன். நான்காம் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில்தான் அது நிற்க வேண்டும் என்பது என் நிபந்தனை. அங்கே இருந்தால்தான் உள்ளே நுழைபவர் கண்ணில் என் கணவரின் பெயர்த்தகடு படும். இயந்திரம் ஓடும்போது ஜன்னல்கள் சாத்தியிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். ‘கொடுத்தவரின் அனுமதியின்றி இதைத் திறக்கவோ நகர்த்தவோ கூடாது’ என்று என் கைப்பட எழுதி அதன் முதுகில் ஒட்டினேன். கையேட்டை இங்கே யாராவது தொலைத்துவிடுவார்கள் என்பதால் என் வீட்டு பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

3. மூன்று வாரங்களுக்கு முன் எனக்கும் மூச்சிரைப்பு வந்து இங்கே சேர்க்கப்பட்டேன். எங்கள் தெருவில் ஒரு பழைய கட்டடத்தை இடிக்கிறார்கள். அந்தத் தூசிதான் காரணம். நான்காம் கட்டிலைக் கேட்டுப் பெற்றேன். பத்து நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகு அதே தூசியால் என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய தம்பியின் மனைவி, ஒன்பதாம் கட்டிலில் சேர்க்கப்பட்டார். அன்று பிற்பகலே இயந்திரம் அங்கே போய்விட்டது. தலைமைச் செவிலியரிடம் விளக்கம் கேட்டேன். “அவங்களுக்குத்தான் மூச்சு ரொம்பத் திணறுது மேடம்” என்றார். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி அன்று எனக்குத் தொண்ணூற்றொன்று காட்டியது, அவருக்குத் தொண்ணூற்றிரண்டு. இதை நான் அட்டவணையில் நேரில் பார்த்தேன். குறைவு யாருக்கு என்பதைத் தாங்களே தீர்மானிக்கலாம்.

4. இப்போது என் கணவரின் பெயர்த்தகட்டின் மேல் ஓரகத்தியின் துண்டு காய்கிறது. செவிலியர்கள் என்னை மேடம் என்கிறார்கள், அவரைப் பெரியம்மா என்கிறார்கள். ஊசி எனக்கு முதலில் போடப்படுகிறது. இது சலுகை என்று நினைத்திருந்தேன். அவருக்குக் கடைசியில் போட்டால் சிறிது நேரம் உட்கார்ந்து பேசலாம் என்பதற்காகவே இந்த வரிசை என்று பின்னர் தெரிந்துகொண்டேன். தரை துடைக்கும் பெண்மணியின் துடைப்பம்கூட அந்தப் பக்கம்தான் அதிக நேரம் நிற்கிறது.

5. என் மகன் ஞாயிறுதோறும் நான்கு மணிக்கு வருகிறான். பார்வை நேரம் ஒரு மணி நேரம்தான். அவனுக்குச் சிறுவயதிலிருந்தே இழுப்பு உண்டு. சென்ற ஞாயிறு என்னிடம் மாத்திரை விவரம் கேட்டான், நாற்காலியைத் தூக்கினான், ஒன்பதாம் கட்டிலுக்குப் போய்விட்டான். என் எதிரே உள்ள சுவர்க்கடிகாரப்படி அங்கே நாற்பத்திரண்டு நிமிடம் இருந்தான், பலமுறை சிரித்தான். புறப்படும்போது கேட்டேன். “சித்திகிட்ட மிஷின் இருக்குல்லம்மா, அங்க மூச்சு விட ஈசியா இருக்கு” என்றான். என் பொருளால் என் மகனை இழந்து நிற்கிறேன் என்பதைத் தங்கள் கனிவான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

6. இது புதிதல்ல. எங்கள் குடும்பத்தில் இப்படி ஓர் இயந்திரத்தை வீட்டில் முதலில் வாங்கியவர் ஓரகத்திதான். என் கணவர் தம் கடைசி வருடத்தில் மாலை ஆனால் தம்பி வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கே காற்று நன்றாக இருக்கிறது என்பார். நமக்கும் ஒன்று வாங்கலாமா என்று இரண்டு முறை கேட்டார். ஓரகத்தி வாங்கியதைப் பார்த்து நான் வாங்கினேன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். ஜன்னலில் ஈரத்துணி கட்டினேன். அவர் தொடர்ந்து அங்கேயே போனார். அவர் போன பிறகு, ஓரகத்தி வீட்டில் இருப்பதைவிடப் பெரியதாகப் பார்த்து வாங்கி, இங்கே கொடுத்தேன்.

7. மேலே உள்ள ஆறு பத்திகளையும் நேற்று எழுதினேன். எழுதியதை அடிப்பது என் வழக்கமில்லை என்பதால் அவற்றை அப்படியே விட்டுவிட்டு, இன்று காலை நடந்ததைச் சேர்க்கிறேன். என் வாய்மொழிப் புகார்களைக் கேட்டுச் சலித்துப்போன தலைமைச் செவிலியர், இயந்திரத்தை என்னிடமே கொண்டுவந்து வைக்குமாறு மின்பணியாளரை அழைத்தார். அதில் ஒரு சிவப்பு விளக்கு எரிவதை மின்பணியாளர் கவனித்தார். மாதக்கணக்கில் அடிக்கடி எரிகிறதாம். ஒட்டியிருக்கும் தாளுக்குப் பயந்து யாரும் திறக்காமல், பொத்தானை அழுத்தி அணைத்துவிடுவார்களாம். “திறக்கலாமாம்மா?” என்று என்னிடம் கேட்டார். கட்டிலில் இருந்தபடியே அனுமதி கொடுத்தேன்.

பின்பக்க மூடியைக் கழற்றி வடிகட்டியை வெளியே எடுத்தார். அது தொழிற்சாலையில் சுற்றிய பிளாஸ்டிக் உறைக்குள், ஒட்டுக்கூடப் பிரியாமல் இருந்தது. முதன்முதலில் ஓட்டுவதற்கு முன் அந்த உறையைக் கழற்ற வேண்டுமாம். கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்குமாம். எட்டு மாதமாக அந்த இயந்திரம் இரைந்ததே தவிர ஒரு தூசியைக்கூடப் பிடிக்கவில்லை. அதை நம்பி, என் சொல்படி, ஜன்னல்களையும் சாத்தி வைத்திருந்தார்கள்.

ஓரகத்தி ஒன்பதாம் கட்டிலிலிருந்து, “அக்கா, புத்தம் புதுசா இருக்கு பாருங்க. இன்னொரு தடவை தானம் பண்ணிடலாம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, அதனால் இருமல் வந்து, செவிலியர் ஓடிவர வேண்டியதாயிற்று.

8. ஐயா, பிற்பகல் முழுவதும் யோசித்தேன். என் மகன் நாற்பத்திரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்த இடத்திலும் இங்கே இருக்கும் அதே காற்றுதான் இருந்திருக்கிறது. ஆனாலும் அவனுக்கு அங்கே மூச்சு எளிதாக வந்திருக்கிறது. அவன் பொய் சொல்கிறவன் அல்லன். அப்படியானால் என் கணவரைப் பற்றியும் நான் ஒன்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தம்பி வீட்டுக் கூடத்தில் இருந்த இயந்திரத்தின் உறையைக் கழற்றியிருந்தார்களா என்று ஓரகத்தியிடம் கேட்கலாம். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். அதனால் கேட்கவில்லை.

9. ஆகவே, பொருளில் குறிப்பிட்ட கோரிக்கையை நீக்கிவிட்டுக் கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மருத்துவமனையில் உள்ள எல்லாக் காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரங்களையும் திறந்து, வடிகட்டிகளின் உறை கழற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நன்கொடையாளர் என்ன எழுதி ஒட்டியிருந்தாலும் பார்க்க வேண்டும். கையேட்டை என் மகன் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து ஒப்படைப்பான்.

நுரையீரல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் எங்கள் பிரிவில் படுத்திருப்பவர்களுக்கு, குறிப்பாக இரவெல்லாம் இருமும் ஏழாம் கட்டில் பெண்ணுக்கு, இந்த எட்டு மாதத்தில் ஏதும் தீங்கு நேர்ந்ததா என்று மருத்துவர்கள் ஆராய வேண்டும். நேர்ந்திருந்தால் எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தலைமைச் செவிலியர் மீது நடவடிக்கை வேண்டாம். தாளை எழுதியவள் நான்.

இயந்திரம் இப்போது சரியாக ஓடுகிறது. அது ஒன்பதாம் கட்டில் அருகிலேயே இருக்கட்டும். துண்டைப் பொறுத்தவரை, அதை நான் ஓரகத்தியிடம் நேரில் பேசிக்கொள்கிறேன்.

எட்டாம் கட்டில் நோயாளி நாளை வீடு திரும்புவதாக அறிகிறேன். என்னை அந்தக் கட்டிலுக்கு மாற்ற வேண்டும். ஞாயிறு நான்கு மணிக்கு முன் மாற்றினால் நல்லது. பதிவேட்டில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘காற்றோட்டத்துக்காக’ என்றே குறித்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் ஆணையை எதிர்பார்த்து, சாமான்களைக் கட்டி வைத்திருக்கும்,

(ஒப்பம்)
நான்காம் கட்டில் நோயாளி

இடம்: பெண்கள் நெஞ்சக நோய்ப் பிரிவு
நாள்: வியாழக்கிழமை, பதினேழாம் தேதி