மடிப்பின் மேல் நிற்கும் மகளுக்கு

இராயபுரம்
11 செப்டம்பர் 1950

அன்பு மகள் தேவப்பிரியத்துக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகம். நீ சுகம் என்று தந்தி வந்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை, தந்தியை யாரும் கொடுக்கலாம், போன திங்கட்கிழமை உன் கையெழுத்தைக் கண்ட பிறகுதான் நெஞ்சுப் பாரம் இறங்கியது. சுதந்திர தினத்துக்குக் கடைவாசலில் கட்டிய தோரணத்தை இன்னும் அவிழ்க்கவில்லை, மறுநாள் ரேடியோவில் அஸ்ஸாம் பூகம்பம் என்றார்கள், அதற்கப்புறம் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் வாசித்தேன். பிரசவ வார்டு சுவர் விழுந்ததையும் நீங்கள் நர்சுகளாகச் சேர்ந்து தாய்மார்களை வெளியே தூக்கி வந்ததையும் வாசித்தேன், மலை சரிந்து ஆற்றை மறித்ததும் பிறகு தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு ஊர்களை அடித்துப் போனதும் எழுதியிருந்தாயே, அதை வாசிக்காமல் விட்டுவிட்டேன். அவள் பின்னால் தானே எடுத்து வாசித்துவிட்டாள். இன்னமும் தினம் தரை ஆடுகிறது என்று எழுதியிருக்கிறாய், நான் பயப்பட அந்த ஒரு வரி போதும். கல்லாப்பெட்டி மேல் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். துறைமுகத்துக்கு லாரி போனால் தண்ணீர் நடுங்கும், எனக்கு உயிர் போய் உயிர் வரும். மூட்டை தூக்கும் சின்னப்பையன், "இன்னா மொதலாளி, டம்ளரையே பாத்துகினு குந்திகீறீங்க, உள்ள மீனு கீதா?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலடிப்பேட்டைக் கிருஷ்ணப்பன் நம் கடைக்குத் தார்ப்பாய் வாங்க வந்தார், காலேஜில் மண்ணையும் மலையையும் பற்றிய பூகர்ப்ப சாஸ்திரம் நடத்துகிறவர். அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான், இது முடிந்துவிட்டதா என்று. அவர் ஒரு சாக்கை எடுத்து மேஜையில் விரித்தார். நம் தேசம் எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்னால் ஆப்பிரிக்காவோடு ஒட்டி இருந்ததாம், பிய்ந்து வடக்கே நகர்ந்து வந்ததாம், சில பண்டிதர்கள் அப்படிச் சொல்கிறார்கள், எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லையாம். சாக்கைச் சுவரோடு வைத்துத் தள்ளினார், அது மடிந்து மடிந்து மேலே எழும்பியது. "இதான் சார் இமயமலை, இன்னும் தள்ளிகினேதான் இருக்குது, எப்ப நிக்கும்னு எவனாலயும் சொல்ல முடியாது" என்றார். அவருக்கு அது பாடம். எனக்கு அந்த மடிப்பின் மேல் நீ வெள்ளைச் சேலையோடு நிற்பது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூமி அசையாது என்ற சங்கீதத்தை எல்லாரும் பாடினார்கள், என் வாய் திறக்கவில்லை.

அன்றைக்கே உன்னை வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று எழுத உட்கார்ந்தேன். அம்மா சமையல்கட்டிலிருந்து வந்து பார்த்தாள். "அத்தனை பேரு அடிபட்டுக் கெடக்கையில அவ வரமாட்டா, நீங்க எழுதினா அழுதுக்கிட்டே அங்கனயே இருப்பா. ஒங்களுக்கு மனசு கேக்கலன்னா நீங்க போயி அவ பக்கத்துல இரிங்க" என்றாள். நான் கோபத்தில் கத்திவிட்டேன். அவள் பழைய வேட்டிகளையெல்லாம் துவைத்து, கட்டுப்போடுகிற அகலத்துக்குக் கிழித்துச் சுருட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு நானும் பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டினேன்.

வியாழக்கிழமை கல்கத்தா மெயிலில் புறப்படுகிறேன். அதற்கு மேல் தண்டவாளம் எங்கெங்கே பெயர்ந்திருக்கிறதோ தெரியாது, ரயில் ஓடுகிற மட்டும் ரயில், பிறகு படகு. கடையை உன் மாமா பார்த்துக்கொள்வார். உங்கள் கூடாரங்கள் ஒழுகுகின்றன என்றாயே, நல்ல தார்ப்பாயாக ஒரு கட்டு எடுத்து வருகிறேன், அம்மா கொடுத்த துணிச்சுருளும் இருக்கிறது. அப்பாவுக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. இங்கே இருந்து பயப்படுவதை அங்கே உன் பக்கத்தில் இருந்து பயப்படுகிறேன், அவ்வளவுதான்.

கர்த்தர் உன்னையும் உன் கையில் இருக்கிற நோயாளிகளையும் காப்பாராக. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. என்னை எதிர்பார்த்துப் படகுத்துறைக்கு வராதே, கரை இடிந்து விழும், ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டுக்கொண்டு நானே வந்து சேருவேன்.

இப்படிக்கு உன் அப்பா,
தவசிமுத்து