குழி தோண்டியாகிவிட்டது

ஸ்வான் ஹில் பக்கம்,
பிப்ரவரி 1945

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம். மழைதான் இல்லை. தீவனக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன். கறவை மாடுகளுக்கே போதாது. ஆடுகளை வாங்கச் சந்தையிலும் ஆளில்லை. பட்டினியில் சாகவிடக் கூடாது, சுட்டுப் புதைத்துவிடலாம் என்று உங்கள் அண்ணன் மேட்டுக்குப் பின்னால் பெரிய குழியாகத் தோண்டினார். தோண்டி ஒரு வாரமாகிறது.

நேற்று பக்கத்துப் பண்ணை மெர்வின் வந்து சிரித்தார். "என்னப்பா ஆர்ச்சி, டோப்ருக்ல ஜெர்மன்காரனையே சுட்டவன் நீ. ஆட்டைச் சுடப் பயமா? தள்ளு, நான் முடிச்சுத் தர்றேன்."

"ஜெர்மன்காரன் என் குரலைக் கேட்டு ஓடி வரலையே," என்றார் உங்கள் அண்ணன். "உன்னைப் பார்த்தா அதுங்க மிரண்டு ஓடும். வேணாம். வியாழக்கிழமை நானே பாத்துக்கறேன்."

போரிலிருந்து திரும்பியவர் எங்களோடு பேசியதைவிட ஆடுகளோடு பேசியதுதான் அதிகம்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் வேதம் வாசிப்பது உங்களுக்குத் தெரியும். இப்போதெல்லாம் ஆடும் மேய்ப்பனும் வரும் பக்கங்களைத் தாண்டித்தான் வாசிக்கிறேன். அது அவருக்கும் தெரிகிறது.

புதன்கிழமை ரயிலில் வந்துவிடுங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். சுடுவதற்கு உங்களைக் கூப்பிடவில்லை. அதை அவரே செய்துவிடுவார். கூடவே நில்லுங்கள். கடைசி ஆடு விழுந்ததும் அவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்டால் தரமாட்டார், தம்பி. நீங்கள் கேட்டால் தருவார்.

ஜெபத்துடன்,
உங்கள் அண்ணி